பெருந்தரவு ஆய்வு: மனித நடத்தையின் காரணத்தை அது காட்டுமா?

பெருந்தரவு ஆய்வு என்பது, கோடிக்கணக்கானோர் தம் தேடல்களிலும் பயணங்களிலும் தம்மை அறியாமலே விட்டுச்செல்லும் பதிவுகளைத் திரட்டி, அவர்களை இயக்குவது எது என்று ஆராயும் முறையாகும். கருத்துக்கணிப்பில் மனிதர் தம்மைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லிக்கொள்வார்கள் (யார்தான் சொல்லமாட்டார்கள்?), நள்ளிரவில் தேடுபொறியில் தட்டிய சொல்லுக்கு அந்தக் கூச்சம் இல்லை. புல்வெளியில் ஒருவர் நடந்தால் தடம் பதியாது. ஆயிரம் பேர் நடந்தால் ஒற்றையடிப் பாதை தெரியும், ஆனால் அவர்கள் நிழலுக்காக அவ்வழி வந்தார்களா, குறுக்குவழி என்பதாலா என்பதைப் பாதை சொல்லாது. அதை அறிய, ஒரு குழுவினருக்கு மட்டும் ஏதேனும் ஒன்றை மாற்றிப் பார்க்கும் சோதனை வேண்டும்.

தரவு பெருகினால் காரணம் தானே புலப்படும் என்பது பரவலான தவறான எண்ணம்: தேடல் சொற்களைக் கொண்டு ஃபுளூ காய்ச்சலின் பரவலைக் கணிக்க 2008இல் கூகுள் தொடங்கிய சேவை, 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதற்காக மருத்துவரை நாடியோரின் விகிதத்தை உண்மையைவிட ஏறத்தாழ இருமடங்காகக் காட்டியது, செய்தியைக் கண்டு அஞ்சித் தேடியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அச்சேவைக்கு வேறுபாடு தெரியவில்லை என்பது இந்தப் பிழைக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.