வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஜூமில் நடத்தி, 35 நிமிடப் பதிவை யூடியூபில் போடுகிறேன். பிள்ளைகள் ‘பார்த்துவிட்டோம் மிஸ்’ என்கிறார்கள். கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள். எந்தக் கருவியால் இதை, நடுவே நின்று கேள்வி கேட்கும் இன்டராக்டிவ் வீடியோ ஆக்கலாம்?
– ஆசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

கருவி இருக்கட்டும், முதலில் வெட்டுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளிவந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைவிடப் பொறுமைசாலியாக இருக்காது. நேரலை வகுப்புப் பதிவில் ‘என் குரல் கேட்கிறதா?’வுக்கே பல நிமிடம் போயிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, ஒரு கருத்துக்கு ஒன்று என்று 4, 5 நிமிடத் துண்டுகளாகப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

கருவி என்றால் எச்5பி: வீடியோவுக்குள் கேள்வி வைக்க உதவும் மென்பொருள். இலவசம்; மூடில் என்ற இணைய வகுப்புத் தளம், வேர்ட்பிரஸ் இணையதளம் இரண்டிலும் சேரும். உங்களுக்கென்று தளம் இல்லாவிட்டால், இதே வேலையைச் செய்யும் எட்பசல் என்ற இணையதளம் போதும். இலவசக் கணக்கில் எத்தனை வீடியோ வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

இனி முக்கியமான விஷயம்: எங்கே நிறுத்துவது? காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறி பரிமாறும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது பழகிய காட்சி. 40-ஆம் நொடியில் முதல் நிறுத்தம்: ‘இலையில் இப்போது எத்தனை கறி?’ எளிதாகவே இருக்கட்டும். இந்த வீடியோவில் சும்மா உட்கார முடியாது என்று அதில் தெரிந்துவிடும். அடுத்தது, அகப்பை இலைக்கு மேலே நிற்கும்போதே: ‘இப்போது எதைப் போடப் போகிறார்கள்?’ விடையைக் காட்டுவதற்கு முன் கேட்பதால், சரியோ தவறோ, தன் ஊகம் பலித்ததா என்று பார்க்கவே பிள்ளை தொடரும். மூன்றாவது இலக்கணம்: சோற்றை ‘இலையில்’ போட்டார்களா, ‘இலைக்கு’ப் போட்டார்களா, ‘இலையை’ப் போட்டார்களா? தவறான தெரிவுகள் உங்கள் வகுப்பு உண்மையிலேயே செய்யும் பிழைகளாக இருக்க வேண்டும். யாரும் சொல்லாத அபத்தங்களை அடுக்கினால், படிக்காமலே விடை தெரிந்துவிடும்.

5 நிமிடத்துக்கு 3, 4 நிறுத்தம் போதும். நிமிடத்துக்கு இரண்டு வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். துப்பை கிரியோலில் கொடுப்பதில் தப்பில்லை, கேள்வி மட்டும் தமிழில் இருக்கட்டும்.

தவறினால் வீடியோவின் முந்தைய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் வசதி எச்5பியில் உண்டு. அந்த நேரத்தைக் குறிக்கும்போது, விளக்கம் தொடங்குவதற்கு 3 நொடி முன்னதாகக் குறியுங்கள். பேச்சின் நடுவில் போய் விழுந்தால் பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. ‘முழு மதிப்பெண் பெற்றால்தான் மேலே போகலாம்’ என்ற பூட்டை மட்டும் யோசித்துப் போடுங்கள். கேள்வியில் நீங்கள் ஒரு பிழை விட்டால் வகுப்பே அங்கே மாட்டிக்கொள்ளும்.

வீடியோவை ஓட்டிவிட்டுக் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். தடுக்க முடியாதா?
– கத்ர் போர்ன்

முடியும். முன்னே தாவுவதை மட்டும் தடுங்கள், பின்னே போவதை விட்டுவிடுங்கள். தேர்வுக்கு முன் திரும்பப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தடையையும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் பூட்டு கவனத்தைக் கொண்டுவராது. 2013-இல் ஹார்வர்டில் 21 நிமிடப் புள்ளியியல் பாடத்தை 4 துண்டாக்கிக் காட்டினார்கள். துண்டுகளுக்கு இடையில் சிறு தேர்வு எழுதியவர்களின் மனம் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அலைந்தது. நல்ல கேள்வி இருந்தால் ஓட்டிவிடும் ஆசையே குறையும்.

கோடிட்ட இடத்தில் பிள்ளைகள் சரியாகத்தான் எழுதுகிறார்கள், எச்5பி தவறு என்கிறது. நான் எழுதியதும் அவர்கள் எழுதியதும் ஒன்றுபோலவே தெரிகின்றன!
– கூட்லேண்ட்ஸ்

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ‘கௌதாரி’யின் ‘ௌ’வுக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் தட்டுவது இன்னும் அதிகம், போனில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். விடையை உடுக்குறிகளுக்குள் எழுதும்போது மாற்று வடிவத்தைச் சாய்கோட்டுக்குப் பின் சேர்த்துவிடுங்கள்: \*கௌதாரி/கெளதாரி\*. முக்காற்புள்ளிக்குப் பின் எழுதினால் அது துப்பாக வரும்.

இதைத் தீர்க்க ‘சிறு எழுத்துப்பிழையை ஏற்றுக்கொள்’ என்பதை அழுத்தத் தோன்றும். தமிழ் வகுப்பில் அதைத் தொடவே வேண்டாம். 3 முதல் 9 குறிகள் உள்ள சொல்லில் 1 பிழையை அது மன்னித்துவிடும். ‘வாழை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வாளை’ என்று எழுதினாலும் பச்சை விளக்குதான். இலைக்குப் பதில் மீன்! ல, ள, ழ சொல்லிக்கொடுக்கும் பாடத்தையே அந்த ஒரு பொத்தான் கவிழ்த்துவிடும்.

தட்டச்சு பழகாத சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லை இழுத்து வைக்கும் கேள்வியே நல்லது. போனைக் குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வீடியோ பலருக்குத் திறக்கவே நேரமாகிறது. சிலருக்குச் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை.
– திரியோலே

இவை இரண்டு நோய்கள். படம் வராதது பெரும்பாலும் ஐபோனில் எடுத்த வீடியோ. அது சேமிக்கும் எச்ஈவிசி வடிவத்தைப் பல பிரவுசர்கள் காட்டாது. அமைப்புகளில் கேமரா, வடிவங்கள் என்று போய் ‘அதிகம் இணக்கமானது’ என்பதைத் தேர்ந்துவிட்டு எடுங்கள்.

திறக்கத் தாமதமாவதற்கு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 480பி30’ அமைப்பில் மாற்றுங்கள். நொடிக்குப் படத்துக்கு 500, ஒலிக்கு 64 கிலோபிட் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 4.2 எம்பிதான்; 5 நிமிடப் பாடம் 21 எம்பியில் முடியும். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கோப்பின் குறிப்பு அட்டவணை கடைசியில் தங்கிவிடும். சில பிரவுசர்கள் முழுவதையும் இறக்கிய பிறகே ஓட்டத் தொடங்கும். ப்ரீபெய்டு டேட்டாவில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

ஜூமில் வீடியோ காட்டினால் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்பதில்லை.
– கியூர்பிப்

திரையைப் பகிரும்போது ‘ஒலியையும் பகிர்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அருகிலேயே வீடியோவுக்கு ஏற்றதாக்கும் கட்டமும் இருக்கும். அதையும் செய்தால் தத்தளிப்பு குறையும். நேரலையிலும் நிறுத்திக் கேட்கலாம்: எல்லோரும் விடையை சாட்டில் தட்டி வைத்திருந்து, நீங்கள் மூன்று எண்ணியதும் அனுப்பட்டும். முந்துகிறவரைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

மூடிலில் சிலருடைய மதிப்பெண் பதிவாகவில்லை. முழுவதும் பார்த்தோம் என்று சாதிக்கிறார்கள்.
– ரோஸ் பெல்

பார்த்திருப்பார்கள். கடைசியில் வரும் ‘விடைகளைச் சமர்ப்பி’ திரையில் பொத்தானை அழுத்தாமல் மூடியிருப்பார்கள். ‘இன்னும் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்துங்கள்’ என்று வீடியோவின் கடைசி 10 நொடியில் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். பதிவான பிறகு மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தவறியது என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு முந்தைய ஒரு நிமிடத்தைத்தான் நீங்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.