கல்லாப் பணத்துக்காக ரிவால்வர் லைசென்ஸ் எடுக்கணுமா?

தம்பி, வண்ணாரப்பேட்டையில கடை அடைச்சுட்டு ராத்திரி பத்தரைக்கு கல்லாப் பணத்தோட வண்டியில கொருக்குப்பேட்டை போறீங்க, போன மாசம் ரெண்டு பேர் கத்தியைக் காட்டிப் பறிச்சுட்டாங்க, அதனால ரிவால்வர் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. படிச்சதும் மனசு பதறிடுச்சு. ஆனா என் கருத்து, உங்களுக்கு அது வேணாம்.

அன்னைக்கு நடந்ததையே யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல, கத்தி கழுத்துல. இடுப்புல இருக்கிறதை எப்போ எடுப்பீங்க? பணத்தோட துப்பாக்கியும் போயிருக்கும். ஓடுறவனை முதுகுல சுட்டா, தற்காப்புன்னு கோர்ட்ல நிக்கிறது கஷ்டம். தற்காப்புக்குன்னாலும் தேவைக்கு மேல தீங்கு செய்யக் கூடாதுன்னு பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போ இருக்கிற குற்றவியல் சட்டம், 37-வது பிரிவுல சொல்லுது.

எங்க அப்பா பேங்க் செக்யூரிட்டி. ரெட்டைக்குழல் துப்பாக்கியை பழைய வேட்டியில சுத்தி பீரோவுல வெச்சிருப்பார். ஒருநாள் ஆறு வயசு தங்கச்சி சாவியைக் கண்டுபிடிச்சு, அதைத் தரதரன்னு இழுத்துட்டு கூடத்துக்கு வந்துட்டா. தோட்டா இல்லை. இருந்தும் அப்பா அன்னைக்கு சோறு தொடலை. உங்க வீட்லயும் ரெண்டு குழந்தைங்கன்னு எழுதியிருக்கீங்க.

லைசென்ஸும் லேசுல வராது. கமிஷனர் ஆபீஸ்ல மனு, போலீஸ் விசாரணை, பயிற்சி சான்றிதழ், மருத்துவ சான்றிதழ்னு இழுக்கும். லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா ஜெயில்தான், அந்தப் பக்கமே போகாதீங்க.

அதுக்குப் பதிலா, கடையில பணத்தை கியூஆர்ல வாங்குங்க. மிச்ச ரொக்கத்தை வெளிச்சம் இருக்கும்போதே டெபாசிட் மெஷின்ல போட்டுடுங்க. தினமும் ஒரே வழியில, ஒரே நேரத்துல போகாதீங்க. பறிச்சதுக்கு எஃப்.ஐ.ஆர் போட்டாச்சா? அதை முதல்ல சொல்லுங்க.