எந்தக் கோழியைக் கழிப்பது, எப்போது?

கேள்வி: எங்கள் கொல்லையில் எட்டு நாட்டுக்கோழிகளும் நான்கு கிராமப்பிரியா கோழிகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இரண்டு வயது கடந்துவிட்டது; முட்டை குறைந்துகொண்டே வருகிறது. நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர், 72 வாரத்துக்கு மேல் கோழியை வைத்திருப்பது தீவனத்துக்குப் பிடித்த கேடு என்கிறார். வடலூருக்குப் போய்வரும் என் தாயார், வளர்த்ததை அறுக்கக் கூடாது என்கிறார். தீபாவளிச் சமயத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதால், ஐப்பசியில் எல்லாவற்றையும் வியாபாரியிடம் தள்ளிவிடலாமா? – ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி.

பதில்: உங்கள் கடிதத்தில் கோழிகளின் வயது இருக்கிறது, மைத்துனரின் கணக்கு இருக்கிறது, தீபாவளி விலையும் இருக்கிறது. எந்தக் கோழி முட்டையிடுகிறது, எது இடவில்லை என்ற செய்தியை மட்டும் காணோம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பன்னிரண்டையும் விற்பதை நான் ஒப்ப மாட்டேன்.

மைத்துனர் சொல்வது அவருடைய கொட்டகைக்குச் சரி. அங்கே ஒரே நாளில் பொரித்த கலப்பினக் கோழிகள் ஆயிரக்கணக்கில் கூண்டுகளில் நிற்கின்றன. அவை 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 30 வாரத்துக்குள் நூறு கோழிக்கு நாளைக்குத் தொண்ணூறு முட்டையைத் தாண்டி, பிறகு மெல்ல இறங்குகின்றன. 72 முதல் 80 வாரத்துக்குள் ஓடு மெலிந்து உடைசல் கூடும்போது, ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துச் சோதிக்க ஆளும் நேரமும் இல்லாத காரணத்தால், கொட்டகையையே காலி செய்துவிட்டு அடுத்த தொகுதியை ஏற்றுகிறார்கள். நிறத்தையும் நடையையும் பார்த்தே இன்ன கோழி என்று சொல்லிவிடக்கூடிய பன்னிரண்டு கோழிகளுக்கு அந்த ஏற்பாடு எதற்கு?

மேலும், உங்களிடம் இருக்கும் இரண்டு வகைகளையும் ஒரே கணக்கில் வைப்பது பொருந்தாது. கிராமப்பிரியா, புறக்கடை வளர்ப்புக்கென்று ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட, முட்டைக்கான இரகம். அது அடைக்கு உட்காருவது அரிது. நாட்டுக்கோழியோ ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்து, 21 நாள் காத்துப் பொரித்து, இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரிந்த பிறகுதான் மறுபடி முட்டைக்கு வரும். வருடத்துக்கு அறுபது, எழுபது முட்டைதான் தருகிறது என்று அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எத்தனை குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் ஆளாக்கியது என்பதே அதற்குரிய கணக்கு. நான்கு வயதிலும் ஒழுங்காக அடைகாக்கும் தாய்க்கோழியை விற்றுவிட்டுக் குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் விலையை விசாரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் கையால் சோதியுங்கள். இருட்டிய பின் கோழிகள் அடைந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்தால் மிரளாது. எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் இரண்டு தட்டுப்படும். அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்து, துவாரம் அகன்று ஈரமாக இருந்து, வயிறு மெத்தென்று அமுங்கினால், வயது என்னவானாலும் அந்தக் கோழி முட்டையிடுகிறது. ஒரு விரலுக்கே இடமில்லாமல், துவாரம் சுருங்கி உலர்ந்து, கொண்டையும் சிறுத்து வெளிறியிருந்தால் இப்போது முட்டை இல்லை. காலின் மஞ்சள் நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய குறிப்பு, மஞ்சள் கால் கோழிகளுக்கே பொருந்தும். கருங்கால் நாட்டுக்கோழியிடம் அது பலிக்காது. ஐயம் இருந்தால், அந்தக் கோழியை மட்டும் சில நாள் காலையில் தண்ணீரும் தீனியும் வைத்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், தெரிந்துவிடும்.

ஒரு முறை "இல்லை" என்று தெரிந்தவுடன் கழித்துவிடவும் கூடாது. அடைகாக்கும் கோழியும், குஞ்சோடு திரியும் கோழியும், இறகு உதிர்க்கும் கோழியும் இந்தச் சோதனையில் தோற்கத்தான் செய்யும். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் குடற்புழு மருந்து கொடுத்து, இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்று பார்த்து, கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அரிசிக் குருணையில் அது கிடையாது. கடலூர்க் கடற்கரையை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு கோழிக்குக் கிளிஞ்சல் இல்லை என்பது வெட்கம். உங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கும் குறைவில்லை. சருகுக்குள் ஒளித்து இடும் கோழியைக் கிழடு என்று நினைத்து விற்றுவிடாதீர்கள். பத்து மணி வரை அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிட்டால், பெரும்பாலான முட்டை வீட்டிலேயே விழும்.

இனி, ஐப்பசி. நீங்கள் விற்க நினைக்கும் மாதம்தான் கோழி நல்லதா, மோசமா என்று மதிப்பிட மிக மோசமான மாதம். வடகிழக்குப் பருவமழையும் சுருங்கும் பகலும் சேர்ந்து வரும் அந்தக் காலத்தில் பல கோழிகள் இறகு உதிர்த்து, இரண்டு மூன்று மாதம் முட்டையை நிறுத்திவிடுகின்றன. நல்ல கோழி பெரும்பாலும் தாமதமாக உதிர்த்து விரைவில் முடித்துவிடும். மோசமான கோழியே ஆவணியிலேயே தொடங்கி மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே ஐப்பசியில் கந்தலாக நிற்பது உங்கள் சிறந்த கோழியாகவே இருக்கக்கூடும். இது ஆடி மாதம். கோடை வெக்கை தணிந்து மற்றவை முட்டையிடும் இந்த இரண்டு மாதத்தில் வேலையில்லாமல் நிற்கும் கோழிகளைக் கண்டுபிடித்துக் காலில் துணி கட்டி வையுங்கள்.

அடையாளமிட்டவற்றைத் தீபாவளி வரை வைத்திருப்பதா என்பது வேறு கணக்கு. புரட்டாசியில் கறி விலை படுத்துவிடும், ஐப்பசியில் எழும் என்பது உண்மை. முழுக்கத் தீவனம் வாங்கிப் போட்டால் ஒரு கோழி நாளைக்கு சுமார் 110 கிராம் தின்னும், மாதத்துக்கு 3.3 கிலோ ஆயிற்று. இப்போதிருந்து தீபாவளி வரை எட்டு, ஒன்பது கிலோ. அந்தத் தீவனத்தின் விலையைவிடத் தீபாவளியின் கூடுதல் விலை அதிகமானால் காத்திருங்கள், இல்லையென்றால் அடையாளமிட்டவுடனே கொடுத்துவிடுங்கள். மேய்ந்து வயிறு நிரப்பும் நாட்டுக்கோழிக்குச் செலவு குறைவு என்பதால் அவசரமும் குறைவு. நோயுற்றதைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். புழு மருந்து கொடுத்ததை, உறையில் அச்சிட்டிருக்கும் நாட்கள் கழியுமுன் விற்கவோ சமைக்கவோ கூடாது.

உங்கள் தாயாரின் சொல்லை நீங்கள் வசதியாக வளைத்திருக்கிறீர்கள். வியாபாரியிடம் கொடுத்த கோழி அன்றைக்கோ மறுநாளோ அறுபடும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கொல்லாமைதான் வீட்டின் நெறி என்றால் விற்பனையும் கூடாது. கோழி ஆறு, ஏழு வருடம் உயிர் வாழக்கூடியது, அதுவரை தீனி போட வேண்டும். அந்த நெறி உங்களுடையது இல்லையென்றால், கழிக்கவேண்டிய கோழியை வீட்டிலேயே அறுத்து, குக்கரில் நெடுநேரம் வேகவைத்துக் குழம்பாக்குவது, காலைக் கட்டிக் கூடையில் திணித்து அனுப்புவதைவிட அந்த உயிருக்கு இரக்கமானது. இதைத் தாயாரிடம் மறைக்காமல் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கழிப்பதற்கு முன்பே குஞ்சு வாங்குங்கள். இந்த ஆடியில் வாங்கினால் மழைக்குள் இறகு மூடிவிடும், தை மாசியில் முட்டைக்கு வரும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டு வாங்கி, பழைய கோழிகளோடு உடனே கலக்காமல் தனியே அடைத்து வளருங்கள்.