படம் எடுத்தது வழக்கல்ல, தட்டிய கைதான் வழக்கு

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மினி வேனில் மல்லி ஏற்றி வருகிறேன். போன மாதம் விடியற்காலை வாகனத் தணிக்கையில் நிறுத்திய எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) பணம் கேட்டார். தர மறுத்ததும் என் அம்மாவை இழுத்துத் திட்டினார். உடனே போனில் வீடியோ எடுத்தேன். அவர் பிடுங்க வந்தபோது கூட இருந்த மச்சினன் அவர் கையைத் தட்டிவிட்டான். ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு போனைத் தந்தார்கள். ஒரு லோடு பூவும் வீணாகிவிட்டது. இப்போது இருவர் மீதும் எஃப்.ஐ.ஆர். வீடியோ எடுப்பது என் உரிமை இல்லையா? அதை வாட்ஸ்அப்பில் போட்டு அவர் வேலைக்கு உலை வைக்கலாமா? மச்சினன் வேறு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதியிருக்கிறான்.

பதில்: உங்கள் அம்மாவைத் திட்டியதும், பூ வீணானதும் அநியாயம்தான். ஆனால் இந்த வழக்கில் கோர்ட் பார்க்கப்போவது அவற்றை அல்ல. நீங்கள் வீடியோ எடுத்ததையும் அல்ல. 'மச்சினன் அவர் கையைத் தட்டிவிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்களே, வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸைப் படம் பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. காவல் நிலையத்துக்குள்ளேயே வீடியோ எடுத்தவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. நமக்குப் பக்கத்தில், மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, ஒருவர் மறைந்திருந்து எடுத்த சின்ன வீடியோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய்ப் பேசியது. ஆகவே எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கத்தான் வேண்டும்.

இது போலீஸுக்கும் தெரியும். அதனால் எஃப்.ஐ.ஆரில் 'வீடியோ எடுத்தார்' என்று எழுதமாட்டார்கள். 'ஆபாசமாகத் திட்டி, கையைப் பிடித்துத் தள்ளி, பணியைச் செய்யவிடாமல் தடுத்து, மிரட்டினார்' என்று எழுதுவார்கள். பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 296(பி), 132, 351 பிரிவுகள். இதில் ஆளைச் சாய்ப்பது 132. ஸ்டேஷனில் உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத பிரிவு, இரண்டு ஆண்டு வரை தண்டனை. தாக்குதலோ பலப்பிரயோகமோ இருந்தால்தான் அந்தப் பிரிவு நிற்கும். பெங்களூரு டிராஃபிக் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை எழுதியவர்கள் மீது இதே குற்றத்துக்குப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்ததற்குக் காரணம், அங்கே கை எதுவும் படவில்லை. உங்கள் வழக்கும் அப்படி இருந்தால் உலகனேரியில் இருக்கும் மதுரைக் கிளைக்குப் போய் ரத்து மனு போடுங்கள் என்று நானே சொல்வேன். இங்கே கை பட்டிருக்கிறது. பட்டதைப் பதிவு செய்திருப்பதும் உங்கள் போன்தான்.

'போனைக் காப்பாற்றத்தானே தட்டினான்' என்பீர்கள். அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, பதவியின் பெயரில் செய்கிற காரியத்தை, அது கண்டிப்பாகச் சட்டப்படி சரியில்லை என்றாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதபோது தற்காப்பு என்று சொல்லித் தடுக்க முடியாது. பி.என்.எஸ். 37. அவரிடம் நல்லெண்ணம் இல்லை என்று வாதாடலாம், ஆனால் அது விசாரணையில், சில வருடம் கழித்து.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சத்தத்தைக் கூட்டி வைத்து வீடியோவை முழுதாக ஒரு தடவை ஓடவிடுங்கள் என்பதுதான். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர் பெருமையாகப் போட்டுக் காட்டினார். இருபதாவது விநாடியில் அவருடைய குரலே கெட்ட வார்த்தையில் கேட்கிறது. கோபத்தில் பேசியது, அதுவரை அவர் காதில் விழவே இல்லை. பிறகு அரசுத் தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். பணம் கேட்ட பிறகுதான் நீங்கள் போனை எடுத்திருக்கிறீர்கள், ஆக லஞ்சம் வீடியோவில் இல்லை. 'லஞ்சப் போலீஸ்' என்று எழுதிப் பரப்பினால் அவதூறு வழக்கு தனியாக வரும். அது மட்டுமில்லை, நாலு குரூப் சுற்றி யாரோ வெட்டி, பாட்டுச் சேர்த்த பிறகு அசலின் மதிப்பே போய்விடும். போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். சாட்சியச் சட்டம் 63-ன் சான்றிதழோடு கோர்ட்டில் கொடுக்க அந்த அசல் ஃபைல்தான் வேண்டும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே ஆண்டு, அதற்குச் சில மாதம் முன்பு, சாத்தான்குளம் ஸ்டேஷனில் அன்றன்றைய பதிவு அழிந்துபோனதை நாம் பார்த்தோம்.

எழுதிக் கொடுத்த கடிதத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. 'தகாத வார்த்தை பேசிவிட்டேன், மன்னிக்கவும்' என்று இருந்தால், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் புகாரின் மீது துறை விசாரணை நடக்கும்போது அதே தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

சரி, மச்சினன். வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் வேலை கிடைக்காது. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் காவலர் தேர்வில் அதை விடுதலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பையனுக்கு வழக்கில் ஜெயிப்பது போதாது, வழக்கே இருக்கக் கூடாது. அதனால் சமாதானமாகப் போங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பு வக்கீலோடு உதவி கமிஷனரைப் பார்த்து, வீடியோவைக் காட்டி, மேல் நடவடிக்கையைக் கைவிடக் கேளுங்கள். எஸ்.எஸ்.ஐ. வேலையைப் பறிக்கும் எண்ணத்தை நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். மனித உரிமை ஆணையத்துக்குப் போக சம்பவ நாளிலிருந்து ஓராண்டு இருக்கிறது, அதை இப்போதே தொட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். '132-ஐ எடுத்துவிடுகிறோம், பெட்டி கேஸில் அபராதம் கட்டிவிட்டுப் போ' என்பார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், மச்சினன் பெயரில் தண்டனை ஏறும். வழக்கை மூடியதாக போலீஸ் தரும் ஆர்.சி.எஸ். (ரெஃபர்டு சார்ஜ் ஷீட்) நோட்டீஸ் கையில் வரும்வரை வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வந்த பிறகும், விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்கும் இடத்தில் அவன் மறைக்காமல் எழுதட்டும். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே தேர்வை ரத்து செய்வார்கள்.