பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவுக்கு நடனப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

உதவும். நோயைக் குணப்படுத்தாது, மாத்திரைக்கு மாற்றும் ஆகாது. ஆனால் நடையிலும் சமநிலையிலும் மனநிலையிலும் முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்.

பார்க்கின்சனில், மூளையில் டோபமின் என்ற, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. நடப்பது, திரும்புவது போல நாம் யோசிக்காமல் செய்யும் அசைவுகள் அதனால் தடுமாறுகின்றன. வாசற்படி அருகே வந்ததும் சிலருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு தாளம் கேட்டால், பலருக்கு அடுத்த அடி எழுந்துவிடுகிறது. உள்ளே தவறிய தாளத்தை இசை எடுத்துக்கொடுக்கிறது. எனக்கு இது இன்றும் பெரிய வியப்பு.

நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்றே வகுப்பு தொடங்கியது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கை, தோள் அசைவுகள்; அப்புறம் கம்பியைப் பிடித்து நின்று; முடிந்தவர்கள் தளம் முழுக்க. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுகளில் டாங்கோ என்ற ஜோடி நடனம் பயின்ற பார்க்கின்சன் நோயாளிகளின் சமநிலை மேம்பட்டது. பின்னோக்கி அடி வைப்பது, நின்று மறுபடி தொடங்குவது, சட்டென்று திரும்புவது என இவர்களுக்குச் சிரமமானவை எல்லாமே டாங்கோவில் இருக்கின்றன.

சரி, வீட்டில் தொடங்க அப்பாவுக்குப் பிடித்த, தாளம் தெளிவாகக் கேட்கும் பாட்டும் ஆடாத நாற்காலியும் போதும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் செய்யுங்கள். ஏற்கெனவே விழுந்திருக்கிறார் என்றால், நரம்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எழுந்து ஆடட்டும்.