12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர்தானே, ஏன் தவறு என்கிறார்கள்?

நீங்கள் கேட்ட சுற்று இது: 12 வோல்ட் பேட்டரி, முதலில் ஒரு 4 ஓம் மின்தடை, அதைத் தாண்டியதும் 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் (மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு வழியாகவும் போகும்). 3 ஓமில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

ஓம் விதியை (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்) சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். எடுத்துக்கொண்ட வோல்ட்தான் தவறு. அந்த விதியில் வரும் வோல்ட், அந்த ஒரு மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ளது. பேட்டரியின் மேல் எழுதியிருப்பது அல்ல. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். இந்த இடத்தில் தடுமாறாத பிள்ளைகள் குறைவு, அதனால் மனம் தளர வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். பக்க இணைப்பில் உள்ள இரண்டுக்கும் பெருக்கல் 18, கூட்டல் 9. வகுத்தால் 2 ஓம். முன்னால் இருக்கும் 4 ஓமையும் சேர்த்தால் மொத்தம் 6. ஆக, பேட்டரியிலிருந்து கிளம்புவது 2 ஆம்பியர். அது 4 ஓம் வழியாகப் போகும்போதே 8 வோல்ட் அங்கே செலவாகிவிடுகிறது. மிச்சம் 4 வோல்ட்தான். 3 ஓமில் 4 ÷ 3, அதாவது 1.33 ஆம்பியர், 6 ஓமில் 0.67. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 2 வர வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. ஆனால் இதே அளவுகளில் செய்யாதீர்கள்: அந்த 4 ஓமில் 16 வாட் சூடு எழும், கடையில் கிடைக்கும் கால் வாட் மின்தடை கருகிவிடும். பழுப்பு, கருப்பு, சிவப்பு வளையம் போட்ட 1 கிலோ ஓம் மூன்று வாங்குங்கள். ஒன்று முன்னால், இரண்டு பக்க இணைப்பில். மொத்தம் 1.5 கிலோ ஓம், 8 மில்லி ஆம்பியர். கை வைத்தாலும் சூடு தெரியாது.

போன வாரம் இந்த மூன்று 1 கிலோ ஓம் சுற்றை 12 வோல்ட்டில் இணைத்து, ஒரு மாணவனிடம் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் கருவி) வோல்ட்டில் வைத்துக் கொடுத்தேன் (ஆம்பியரில் வைத்து பேட்டரிக்குக் குறுக்கே தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்). பக்க இணைப்பில் ஒன்றின் இரு முனையிலும் கம்பிகளை வைத்தான். 12 வரும் என்று அடித்துச் சொன்னவன், 4.02-ஐப் பார்த்ததும் எதுவும் பேசவில்லை. கம்பிகளை எடுத்து முன்னால் இருந்த மின்தடையில் தானாகவே வைத்தான். 7.97.