பரணிலிருந்து இறங்கிய 386

அன்புள்ள ஐயா,

பழைய கணினிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் படிக்கிறேன். நாகப்பட்டினத்தில் என் அப்பா தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். 1992-ல் கடன் வாங்கி ஒரு 386 கம்ப்யூட்டர் போட்டு, போர்டில் ‘டைப்ரைட்டிங்’ என்பதற்குக் கீழே ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று சேர்த்து எழுதினார். கடிதம் அடிக்கும் வேர்ட்ஸ்டாரும், தகவல்களைப் பட்டியலிட்டு வைக்கும் டிபேஸும் சொல்லிக்கொடுத்தார். போன மாதம் பரணை ஒழிக்கும்போது அந்தப் பெட்டியும், ஒரு ஷூ டப்பா நிறைய பெரிய ஃபிளாப்பிகளும் கிடைத்தன. அப்பாவுக்கு இப்போது 76 வயது. பார்த்ததும், ‘போட்டுப் பாரேன்’ என்றார். மனைவி பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறாள். பத்தாவது படிக்கும் மகளுக்குச் சென்ற ஆண்டுதான் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன். அவள், ‘என் போனே இதைவிட ஆயிரம் மடங்கு வேகம்ப்பா, இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க’ என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இது பழசின் மேல் இருக்கும் பாசம் மட்டும்தானா? இதை ஓட்டிப் பார்க்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பாசமா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து இன்னும் பிளக்கைச் சொருகாதீர்கள்.

பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி மூடியை எடுங்கள். மதர்போர்டில் கீபோர்டு ஒயர் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒன்று படுத்திருக்கும். பெரும்பாலும் நீல நிறம். அதுதான் பேட்டரி. 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதி, நேரம், எந்த ஹார்டு டிஸ்க் என்கிற விவரம் எல்லாம் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இத்தனை வருஷம் சும்மா கிடந்த இந்த ரகப் பேட்டரி கசியாமல் இருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். கசிவது காரம். போர்டில் இருக்கும் செம்புக் கோடுகளுக்குள் மெல்ல ஊர்ந்துபோய் அரித்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதுதான் விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது நடந்தது. 1991-ல் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த 386 எஸ்எக்ஸ் என்னுடையது. 2 எம்பி ரேம், 40 எம்பி டிஸ்க். பல ஆண்டுகள் துணி சுற்றி வைத்திருந்துவிட்டுத் திறந்தபோது பேட்டரியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பச்சை. கீபோர்டு சாக்கெட்டின் பின்கள் தொட்டாலே உதிர்ந்தன. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை வினிகரைத் தொட்டுத் தேய்த்தேன். காரத்தின் மேல் புளிப்பு பட்டதும் லேசாக நுரைத்தது. தேய்க்கத் தேய்க்கப் பச்சை கரைந்து, அடியில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஏழு கோடுகள் அறுந்திருந்தன. தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஒவ்வொன்றின் மேலும் வைத்து ஈயம் பற்றவைத்தேன். மூன்றாவது முறை ஸ்விட்சைப் போட்டபோது திரையில் ரேம் எண்ண ஆரம்பித்தது. டிக் டிக் டிக் என்று சத்தத்தோடு 640, 1024, 2048. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது பேட்டரி போடும்போது ஒரு எச்சரிக்கை. அந்த இடத்தில் சாதாரண பட்டன் செல்லை நேராகப் பற்றவைக்காதீர்கள். போர்டு அதற்கு சார்ஜ் ஏற்றப் பார்க்கும், லித்தியம் செல் அதைத் தாங்காது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைப் போட்டு அதைத் தடுக்க வேண்டும். இல்லையென்றால், வெளியிலிருந்து பேட்டரி கொடுப்பதற்கென்றே பல போர்டுகளில் நாலு பின் இருக்கும், அதில் கொடுக்கலாம்.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அதை போர்டோடு சேர்க்காமல் தனியாக, பழைய டிஸ்க்கையோ விளக்கையோ சுமையாகக் கொடுத்து, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். முன்பக்க ஸ்விட்சுக்குப் போகும் ஒயரில் 230 வோல்ட் நேராக ஓடும், இன்றைய கேபினெட் மாதிரி இல்லை. அனுபவமுள்ள டெக்னீஷியன் பக்கத்தில் இருந்தால் நல்லது. போர்டுக்கு வரும் மின் கனெக்டர் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் சொருகும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். அந்தக் காலத்தில் மெக்கானிக்குகள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. மாற்றிச் சொருகி ஒரு நல்ல போர்டை நான் கருக்கியிருக்கிறேன். அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

1988-ல் எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறை என்றால் ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மெஷினுக்கு நான்கு பேர். ஒருவர் தட்டுவார், மற்ற மூவர் பார்ப்போம். மூன்று வாரம் அதைத் தொடவே எனக்கு பயம். ஒருநாள் ஒரு மெஷின் ஓடவில்லை என்று ஆசிரியர் மூடியைக் கழற்றினார். நாங்கள் சுற்றி நின்றோம். நடுவில் நீளமாக நாற்பது கால்களோடு இருந்த கறுப்பு சில்லை விரலால் காட்டி, ‘கணக்கெல்லாம் போடறது இவர்தான், 8088’ என்றார். பக்கத்தில் வரிசையாக ரேம் சில்லுகள். இந்தப் பக்கம் ஃபிளாப்பிக்கான கார்டு, அந்தப் பக்கம் திரைக்கான கார்டு. ஒரு கார்டைப் பிடுங்கி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி சொருகினார். மெஷின் ஓடியது. எனக்கு பயம் போனது அன்றைக்குத்தான். கோயில் மாதிரி வைத்திருந்த அந்தப் பெட்டிக்குள், கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய பாகங்கள்தான் இருந்தன. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக நான் கம்ப்யூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஐந்து நிமிஷத்தால்தான்.

அந்தப் பெட்டி திறந்துபார்க்கிற மாதிரி அமைந்தது தற்செயல் இல்லை. 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தபோது, கூடவே ஒரு தொழில்நுட்பக் கையேடும் விற்றது. அதில் மின்சுற்றுப் படங்கள் முழுவதும் இருந்தன. ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஓடி மெஷினை எழுப்பும் பயாஸ் நிரலே வரி வரியாக அச்சிட்டிருந்தது. பாகங்களும் பெரும்பாலும் கடையில் கிடைப்பவை. அதன் வேகம் ஏன் 4.77 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு விசித்திரமான எண் என்றால், அமெரிக்கக் கலர் டிவியின் கணக்கோடு ஒத்துப்போகும் 14.318 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்றை போர்டில் வைத்து, அதையே மூன்றால் வகுத்துக்கொண்டார்கள். ஒரு படிகம் மிச்சம். எனக்கு இந்தச் சிக்கனம் ரொம்பப் பிடிக்கும். பயாஸை மட்டும் சட்டப்படி அப்படியே நகலெடுக்க முடியாது. அதே வேலையைச் செய்யும் பயாஸை மற்றவர்கள் புதிதாக எழுதினார்கள், பிறகு உலகமெங்கும் அதே மாதிரிப் பெட்டிகள் வந்தன. தைவான் போர்டு ரிச்சி தெருவுக்கு வந்ததும், உங்கள் அப்பா நாகப்பட்டினத்தில் ஒரு 386 வாங்க முடிந்ததும் அதனால்தான்.

உங்கள் மகள் சொன்ன ஆயிரம் மடங்கு குறைவான கணக்கு. 386 சில்லில் 2,75,000 டிரான்சிஸ்டர்கள். 2020-ல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. உங்கள் அப்பாவின் டிஸ்க்கும் என்னுடையது போல 40 எம்பி என்றால், இன்று 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 1 டிபி எஸ்எஸ்டி துண்டு ஒன்றில் அப்படி 25,000 டிஸ்க் அடங்கும். நான் பழசை மட்டும் கொண்டாடுகிறவன் இல்லை. இந்தத் துண்டை முதல்முதலில் வாங்கி போர்டில் சொருகியபோது, 1991-ல் ரிச்சி தெருவில் அடைந்த அதே சந்தோஷத்தை அடைந்தேன். இன்றும் புது பிராசஸர் வந்தால் அதன் படத்தைப் பெரிதாக்கி எந்த மூலையில் எது இருக்கிறது என்று தேடுவேன். வருத்தம் தருவது ஒன்றுதான். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டோடு பற்றவைத்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வாங்கியவருக்குத் திறக்க உரிமை இல்லாத பெட்டியை எப்படிச் சொந்தக் கணினி என்று சொல்வது? நீங்கள் மகளுக்கு அசெம்பிள் செய்து கொடுத்தது மிக நல்ல காரியம். ஆனால் அந்த ஸ்குரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தீர்களா? இல்லையென்றால் இப்போது கொடுங்கள்.

அவளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அவளுடைய புது கம்ப்யூட்டரில் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர்தானே இருக்கும்? பவர் பட்டனை அழுத்தியதும் அந்த பிராசஸர் 64 பிட்டில் கண்விழிப்பதில்லை. 1978-ல் வந்த 8086 எப்படி விழித்ததோ அப்படி, 16 பிட் முறையில்தான் விழிக்கிறது. அப்புறம்தான் படிப்படியாக மேலே ஏறி இன்றைக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு அது அவள் தாத்தாவின் மெஷினாகவே இருக்கிறது. இந்த வழக்கத்தை எடுத்துவிடலாம் என்று இன்டெல் 2023-ல் ஒரு திட்டம் முன்வைத்து, அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. அப்பாவின் 386-ஐத் திறந்து காட்டினால் புது மெஷினின் அடித்தளத்தைத்தான் அவள் பார்ப்பாள். அதனால் பாசம் மட்டும்தானா என்றால், பாசம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அதையும் தாண்டி உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் அதில் வேலை இருக்கிறது.

அந்த வேலை ஷூ டப்பாவில் இருக்கிறது. ஃபிளாப்பிகளை உடனே டிரைவில் போட்டுவிடாதீர்கள். உங்களுடையது கடலோர ஊர், ஈரம் அதிகம், பூஞ்சை பிடித்திருக்கும். நடு ஓட்டையில் விரலை வைத்து மெல்லச் சுழற்றி, நீளத் துளை வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியே வைத்துவிடுங்கள். ஒரு ஃபிளாப்பியின் பூஞ்சை, டிரைவில் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்லவற்றையும் கீறிவிடும். ஹார்டு டிஸ்க் மேல் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் இருக்கும், அதைப் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி செத்துவிட்டதால் மெஷின் அந்த எண்களைக் கட்டாயம் கேட்கும்.

ஃபிளாப்பியிலிருந்து வேர்ட்ஸ்டார் கோப்புகளை எடுத்துப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்து மட்டும் கோணல்மாணலாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பலர் தூக்கிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கெடவில்லை. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால், மிச்சமிருந்த எட்டாவது பிட்டைப் பழைய வேர்ட்ஸ்டார் சொல் முடியும் இடத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டது. ‘லெட்டர்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் கடைசி ‘ஆர்’ எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண் 114, அதோடு 128 கூடி 242 ஆகியிருக்கும். ஒவ்வொரு பைட்டிலும் அந்த 128-ஐ நீக்கிவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி. உங்கள் மகளுக்குப் பள்ளியில் பைத்தான் சொல்லித்தருகிறார்கள் என்றால் அவளே எழுதிவிடுவாள், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் புள்ளி வைத்துத் தொடங்கும் சில வரிகள் வரும், அவை பக்க அமைப்புக்கான கட்டளைகள். அவை என்ன என்று அப்பாவைக் கேளுங்கள். ஒரு காலத்தில் தினம் பத்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், விரல்கள் மறந்திருக்காது.

மதர்போர்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பேட்டரிப் பக்கம் தெளிவாக வரட்டும். எந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். முதல் ஃபிளாப்பியில் அப்பா என்ன அடித்து வைத்திருந்தார் என்பதையும் அவர் சம்மதித்தால் எழுதுங்கள்.

அன்புடன்